கூட்டுக் கடன்: உளநலப் பணியில் அரசும் பல்கலைக்கழகமும்

ஒரு சமுதாயத்தின் அறநிலையை அளந்தறியும் அளவுகோல்கள் பல உள. தன் குறையைத் தானே எடுத்துரைக்க இயலாதாரை அச்சமுதாயம் எவ்வாறு நடத்துகின்றது என்பது அவற்றுள் ஒன்று. கால் முறிந்தவன் வலியைச் சொல்வான். காய்ச்சலுற்றவன் தண்ணீர் கேட்பான். உளநோயுற்றவனின் நிலை வேறு. தனக்கு நோயுண்டு என்பதையே அவன் சில வேளைகளில் அறியான். அறிந்தாலும் சொல்ல நாணுவான். சொன்னாலும் அவன் சொல்லைப் பிறர் பொருட்படுத்துவது அரிது. ஆதலால் அவனுக்குக் கிட்டும் கவனிப்புப் பெரும்பாலும் பிறரது கடமையுணர்விலேயே தங்கியுள்ளது. அக்கடமை யாருக்குரியது? குடும்பத்துக்கா, அரசுக்கா, நோய்பற்றிய அறிவைத் தன்னிடத்தே கொண்டுள்ள பல்கலைக்கழகத்துக்கா? இலங்கையில் அரசும் பல்கலைக்கழகங்களும் இணைந்தே உளநலச் சேவையை நடத்தி வருகின்றன. இருவர் சேர்ந்து ஏற்ற கடமை ஒவ்வொருவருக்கும் பாதியாகக் குறைகின்றதா, அன்றி ஒவ்வொருவர்மீதும் முழுமையாகவே நிற்கின்றதா? இது நிருவாகம் பற்றிய வினாப்போலத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாவே. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என்பன அவை. வள்ளுவர் காலத்துச் சிற்றூருக்கு இப்பகுப்பு முற்றிலும் பொருந்தியிருக்கும். இன்று அந்நான்கு கூறுகளையும் நோக்கின் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிறுவனம் நிற்பதைக் காணலாம். மருத்துவனை ஆக்குவது பல்கலைக்கழகம். மருந்தைக் கொள்வனவு செய்து வைத்தியசாலைக்கு அனுப்புவது அரசு. துணைபுரியும் தாதியைப் பயிற்றி நியமிப்பதும் அரசே. நோயாளியைக்கூட நோயாளி எனப் பெயரிட்டு ஏட்டிற் பதிவது சட்டமும் மருத்துவ அறிவும் சேர்ந்துதான். இவ்வாறு வள்ளுவர் கூறாத ஐந்தாவது கூறொன்று ஏனைய நான்கையும் தாங்கி நிற்கின்றது. நிறுவனம் என்னும் அக்கூறு பழுதுபடின் நல்ல மருத்துவனும் நல்ல மருந்தும் நோயாளியைச் சென்றடையா.

இலங்கையில் இவ்வைந்தாவது கூறு நெடுங்காலம் மதிலின் வடிவிலேயே இருந்தது. குடியேற்ற ஆட்சியினர் 1873ஆம் ஆண்டிற் சித்தசுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டத்தை இயற்றினர். ஒருவரைத் தடுத்துவைப்பதா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும் முறையை அது வகுத்தது. 1926இல் அங்கொடையிற் பெரும் வைத்தியசாலை எழுந்தது. 1956இல் அச்சட்டம் திருத்தப்பட்டு உளநோய்கள் கட்டளைச் சட்டம் எனப் பெயர் மாறிற்று. பெயர் மாறினும் காவலே அதன் அடிப்படை நோக்காக இருந்தது. நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பதே அரசின் கடமை எனக் கருதப்பட்டது. ஊராரின் ஏளனத்திலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் நோயாளியைக் காப்பது பற்றி எவரும் பெரிதும் எண்ணவில்லை. ‘அங்கொடை’ என்னும் ஊர்ப் பெயரே வசைச் சொல்லாக மாறியமை இதற்குத் தக்க சான்று. அவ்வூரிற் பிறந்து வளர்ந்தோர் என்ன பிழை செய்தனர்? ஒரு வைத்தியசாலையின் பெயரைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்த இயலுமாயின், அவ்வைத்தியசாலையைச் சமுதாயம் தன் உறுப்பாகக் கருதவில்லை என்பதே பொருள்.

இந்நிலையில் மாற்றத்தை உண்டாக்கியவற்றுள் பல்கலைக்கழகம் முக்கியமானது. கொழும்பிலும் பேராதனையிலும், பின்னர் 1978இல் மருத்துவ பீடம் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணத்திலும், ஏனைய இடங்களிலும் உளமருத்துவம் மாணவர் கற்கவேண்டிய பாடமாயிற்று. 1980இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தின்கீழ் அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நிபுணர்களை உள்நாட்டிலேயே உருவாக்கும் பொறுப்பை ஏற்றது. பொதுவைத்தியசாலைகளில் உளமருத்துவப் பிரிவுகள் தோன்றின. தெஹிவளையின் களுபோவிலைப் பகுதியிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இவ்வமைப்பினை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டு. வைத்தியசாலை சுகாதார அமைச்சுக்குரியது. அங்கு இயங்கும் பல்கலைக்கழக உளமருத்துவப் பிரிவோ ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. கட்டிலும் மருந்தும் தாதியும் அமைச்சினுடையன; விரிவுரையாளரும் மாணவரும் பல்கலைக்கழகத்தினர். காலி வீதியிற் பேருந்தேறி வருகின்ற நோயாளி எவ்வாயிலால் எந்நிறுவனத்தினுள் நுழைகின்றார் என்பதை அறியார். அறியவேண்டிய தேவையும் அவருக்கில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. எஞ்சியோரின் துயரத்தைக் கையாள அங்கொடையும் முல்லேரியாவும் போதா என்பது அப்போது யாவருக்கும் தெளிவாயிற்று. 2005இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய உளநலக் கொள்கை, சேவையைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவச் செய்தலை நோக்கமாகக் கொண்டது. பொது மருத்துவர்க்கு மூன்று மாதப் பயிற்சியளித்து உளநல மருத்துவ அதிகாரிகளாக நியமிக்கும் முறை விரிவுபெற்றது. பட்டப்பின் மருத்துவ நிறுவனம் உளமருத்துவ டிப்ளோமாப் பயிற்சியையும் நடத்தலாயிற்று. அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய உளநல நிறுவனமாயிற்று. இன்று 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தின் வழியாக எவரும் எந்நேரத்திலும் அந்நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறலாம். மதிலெழுந்த ஆண்டின் இலக்கமே இன்று மதிலைத் தாண்டிப் பேசும் வழியாகியமை சிந்திக்கத்தக்கது.

இக்கூட்டுமுயற்சி நன்மையையே விளைத்ததெனக் கூறி அமைதல் எளிது. ஆயின் அறவியல் நோக்கில் அங்குதான் கடினமான வினாக்கள் பிறக்கின்றன. முதலாவது, போதனா வைத்தியசாலையில் நோயாளி யார் என்பது. அவர் சிகிச்சை பெறவந்தவர். அதே வேளை மாணவர் கற்கும் பாடமுமாவார். தம் வாழ்வின் மறைவான துன்பத்தை ஒரு மருத்துவரிடம் கூறவந்த பெண், வெண்மேலங்கியணிந்த பத்து இளைஞர் முன்னிலையிற் கூற நேர்கின்றது. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1785இல் வெளிவந்த நூலில் வற்புறுத்தினார். அவர் கூற்றில் ‘மட்டும்’ என்னும் வரையறை முக்கியமானது. மாணவர் கற்பதற்கு நோயாளி உதவுதல் தவறன்று. அவ்வாறு கற்றிராத மருத்துவனிடம் நாளைய நோயாளி செல்ல நேரும். ஆனால் அவ்வுதவி கேட்டுப் பெறப்படல் வேண்டும். மறுப்பின் சிகிச்சையிற் குறைவு நேரலாகாது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இதனைச் சொல்லுதல் எளிது. உளநோயாளியின் சம்மதிக்கும் ஆற்றலே நோயாற் குன்றியிருக்கக்கூடும். எனவே ‘அவர் மறுக்கவில்லை’ என்பது இங்கு விடையாகாது. மறுக்க இயலாதவரிடத்தே கூடுதலான கவனம் கொள்ளவேண்டும் என்பதே அறம்.

ஆய்வுக்கும் இது பொருந்தும். ஆழிப்பேரலையின் பின் நலன்புரி முகாம்களுக்கு வினாக்கொத்துகளோடு வந்தோர் பலர். துயருற்றோர் தம் இழப்பை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தனர், விடைகள் அட்டவணைகளாயின. அட்டவணையால் ஒருவருக்குப் பட்டமும் பதவியும் கிட்டின. விடையளித்தோர்க்குக் கிட்டியது யாது? கேட்டறிந்ததைக் கொண்டு திரும்பி வந்து உதவும் எண்ணமில்லாது ஒருவரின் புண்ணைத் திறத்தல் அறமாகாது. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு ஆய்வுக்குழுவினின்றும் வேறுபடவேண்டியது இவ்விடத்திலேதான். அது அடுத்த ஆண்டும் அதே ஊரில் இருக்கும். அதன் கடனும் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது வினா மொழி பற்றியது. தமிழ் மாணவர் இதனைச் சிறப்பாகச் சிந்தித்தல் தகும். ஏனைய மருத்துவத் துறைகளில் மொழி துணைக்கருவி. நாடித்துடிப்பும் இரத்தப் பரிசோதனையும் மொழிபெயர்ப்பை வேண்டுவனவல்ல. உளமருத்துவத்திலோ நோயை அறியும் வழியும் சொல். நோயைத் தீர்க்கும் வழியிற் பெரும்பகுதியும் சொல். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் பேசுவோர் செறிந்து வாழ்கின்றனர். போர்க் காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர், வெளிநாடு சென்ற பிள்ளைகளின் அழைப்பை எதிர்நோக்கி அறைகளில் தனித்திருந்த முதியோர், மலையகத்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்தோர் என அவர்களிடையே மனச்சுமையோடு வாழ்ந்தோர் பலர். அத்தகைய மூதாட்டி ஒருவர் ஓர் அரச வைத்தியசாலைக்குச் சென்று, ‘எனக்கு ஒரே யோசினை’ என்று கூறுவதாகக் கொள்வோம். ஈழத்துப் பேச்சுத் தமிழில் யோசினை என்பது கவலை. ஓயாது மனத்தை அரிக்கும் கவலை. அகராதியின் துணைகொண்டு அதனைச் சிந்தனை என மொழிபெயர்ப்பின் நோயே மறைந்துவிடும். ‘நெஞ்சு அடைக்குது’ என்பார் இருதயப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவார். பெருமூச்சுப் பற்றிக் கூறுவார் சுவாசப் பிரிவுக்கு அனுப்பப்படுவார். பெருமூச்சு இழப்பின் மொழி என்பதைத் தமிழர் வாழ்வறிந்தார் அன்றோ அறிவர்?

இவ்விடத்து வழமையாக மேற்கொள்ளப்படும் வழி உறவினரை மொழிபெயர்க்கச் செய்தலாகும். மகள் தாய்க்காகப் பேசுவாள். மகளைப் பற்றியே தாய் வருந்துவாளாயின் என்செய்வது? கணவன் மொழிபெயர்ப்பாளனாக இருக்கையில் அவன் அடித்ததை மனைவி எவ்வாறு கூறுவாள்? மொழிபெயர்ப்பாளரில்லாத உளமருத்துவம் குறைபாடுடைய சிகிச்சை மட்டுமன்று, அநீதியுமாகும். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் அதன் நடைமுறையை விரித்துரைத்தது. கடிதத்துக்குத் தமிழில் விடைபெறும் உரிமை உண்டெனில் கண்ணீருக்குத் தமிழிற் செவி பெறும் உரிமையும் உண்டு. அதனை நிறைவேற்றுதல் அரசின் கடன். ஆயின் தமிழிற் பேசிச் சிகிச்சை செய்யவல்லாரை உருவாக்குதல் பல்கலைக்கழகத்தின் கடன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் காட்டிய வழி இம்மண்ணுக்குப் புதியதன்று. கலைப்பீடத்துக்கும் இங்குப் பணியுண்டு. மக்கள் வழக்கிலுள்ள துயரச் சொற்களைத் தொகுத்துப் பொருள் வரைதல் மொழியியல் மாணவரின் வேலை. அச்சொற்கள் எழும் வாழ்க்கைச் சூழலை விளக்குதல் சமூகவியலாரின் வேலை. மேலைநாட்டார் மனச்சோர்வு நோயென வகுப்பதை இந்நாட்டுப் பௌத்தர் வாழ்வின் இயல்பு பற்றிய தெளிவாகவும் கொள்ளக்கூடும் என்பதை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் எடுத்துக்காட்டினார். மருத்துவ பீடம் தனித்து நின்று அறியத்தகாத உண்மை அது.

கூட்டுமுயற்சியின் முழுப்பயனும் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கு நோக்குதல் பொருத்தமாகும். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. பெரும்பாலானவை வயலுக்கென வீட்டில் வைத்த பூச்சிநாசினியால் நேர்ந்தவை. அவருட் பலர் நெடிது திட்டமிட்டாரல்லர். ஒரு கணத்துக் கோபமும் அவமானமும் கையெட்டும் தூரத்திலிருந்த நஞ்சோடு கூடியதால் மாண்டோர். கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையமும் பல்கலைக்கழக மருத்துவரும் எந்நஞ்சு மிகுதியாக உயிர்குடிக்கின்றது என்பதை ஆராய்ந்தனர். பூச்சிநாசினிப் பதிவாளர் அலுவலகம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு மிகக் கொடிய இரசாயனங்களை 1995இலும் 1998இலும் தடைசெய்தது. பேராதனையை நிலைக்களனாகக் கொண்ட நஞ்சியல் ஆய்வாளர் தந்த சான்றுகளின் துணையோடு 2008 முதல் 2011 வரை மேலும் சில விலக்கப்பட்டன. 1998இல் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம் என்னும் நிலையும் நீக்கப்பட்டது. இருபதாண்டுக் காலத்தில் வீதம் மூன்றிலொரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். நெல் விளைச்சல் குன்றவுமில்லை.

இந்நிகழ்ச்சி புகட்டும் பாடங்கள் இரண்டு. அறிவு மட்டும் இருந்திருப்பின் அது சஞ்சிகையிற் கட்டுரையாகக் கிடந்திருக்கும். அதிகாரம் மட்டும் இருந்திருப்பின் எதனைத் தடைசெய்வதென அது அறிந்திராது. இரண்டும் கூடியபோதே வீடுகளில் மரணம் குறைந்தது. இது முதற்பாடம். இரண்டாவது, காக்கப்பட்டோரின் துயரம் இதனால் தீர்ந்ததென்பது பொருளன்று. தடை அவர்களுக்குக் காலத்தை ஈந்தது. அக்காலத்தில் அவர்களை அணுகிக் கேட்கும் செவி வேண்டும். தடைச்சட்டம் ஒரு நாளில் இயற்றப்படலாம். செவிசாய்ப்போரை உருவாக்கப் பல ஆண்டுகள் செல்லும். முதற்பணி பெருமளவு நிறைவேறிற்று. இரண்டாவது இன்னும் நிலுவையிலுள்ள கடன்.

அரசின் கை தளர்ந்த இடத்திற் பல்கலைக்கழகம் என்செய்யக்கூடும் என்பதற்கு வடக்கு சான்று. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோர் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் ஏனைய இடங்களிலும் பணியாற்றியதோடு, ஆசிரியரும் சமூகப் பணியாளரும் முதற்கட்ட உதவி வழங்கத்தக்க பயிற்சிகளை நடத்தித் தமிழிற் கைந்நூல்களையும் ஆக்கினர். 1998இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் போர் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களை உலகறியச் செய்தது. துன்பம் தனியொருவரது நோயாக மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் குலைந்த கூட்டு வடுவாகவும் அமையும் என்னும் கருத்து அவ்வனுபவத்தினின்றும் எழுந்தது. இருவரும் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தமிழகத்தின் ஏர்வாடி சான்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்குத் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தப்பியோட இயலாது 28 பேர் மாண்டனர். தர்காவை நாடிவந்த நம்பிக்கையின்மீது குற்றம் சுமத்துதல் எளிது. அண்மையில் வேறு வாயில் திறந்திருந்தால் அக்குடும்பங்கள் அங்கு வந்திருக்குமா என்று கேட்டலே நேர்மை.

எனினும் கூட்டுமுயற்சிக்கு எதிராகக் கூறப்படும் தடையொன்று புறக்கணிக்கத்தக்கதன்று. பல்கலைக்கழகத்தின் தலையாய கடமை உண்மையைத் தேடி அஞ்சாது உரைத்தலாகும். அரசோடு ஒரே வண்டியில் நுகம் பூண்டால் அவ்வண்டி செல்லும் திசையைக் கண்டிக்கும் குரல் அடங்கிவிடும் என்பர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் தட்டுப்பட்டன. மருத்துவர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். இத்தகைய வேளையில் அமைச்சு பல்கலைக்கழகத்தைப் பார்த்து, ‘நிபுணரைத் தாருங்கள்’ என்னும். பல்கலைக்கழகம் அமைச்சைப் பார்த்து, ‘மருந்தையும் பதவியையும் தாருங்கள்’ என்னும். இரண்டு கூற்றும் மெய்யாக இருக்கலாம். இரண்டு மெய்களுக்கும் நடுவே நோயாளி வெறுங்கையோடு வீடு திரும்புவார். கூட்டுப் பொறுப்பு எவர் பொறுப்புமற்ற நிலையாக மாறும் ஆபத்து இதுவே.

இதற்கு விடையைக் கடன் பற்றிய சட்டக் கருத்தொன்றில் காணலாம். இருவர் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்றுக் கடன்பெறின், கடன் கொடுத்தவர் அவ்விருவருள் எவரிடத்தும் முழுத்தொகையையும் கேட்கலாம். ‘என் பாதியைத் தந்துவிட்டேன்’ என்பது விடையாகாது. முழுவதையும் செலுத்தியவர் பின்னர் மற்றவரிடம் கணக்குக் கேட்பார். உளநோயாளிக்கு அரசும் பல்கலைக்கழகமும் பட்ட கடன் இத்தகையது. பணியைப் பங்கிடலாம், பொறுப்பைப் பங்கிடலாகாது. மருந்தில்லாத விடுதியில் விரிவுரையாளர் வாளாவிருத்தல் கடமை தவறுதலாகும். அவர் குரலெழுப்பியே ஆகவேண்டும். ஆகவே கண்டிக்கும் உரிமை கூட்டுறவுக்கு முரணானதன்று. கூட்டுறவின் பகுதியே அது. நிபுணர் வெளியேறுவதைப் பார்த்து அமைச்சும் பல்கலைக்கழகத்தைக் குறைகூறி அமையலாகாது. அவர் தங்கியிருக்கத்தக்க சூழலை ஆக்குவது அதன் கடன்.

இக்கடனில் மாணவர்க்குப் பங்கில்லை எனல் இயலாது. இந்நாட்டில் இலவசக் கல்வி 1945 முதல் நிலைபெற்றது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளும் வயலில் உழுதவனும் தந்த வரியால் மருத்துவனும் மெய்யியலாளனும் கற்றனர். அவ்வரியைத் தந்தோருள் உளநோயுற்றோரும் அவர்தம் தாயரும் இருந்தனர். கற்றவன் எங்கு வாழ்வதென்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவனுக்குண்டு; அதனைப் பறித்தல் நீதியன்று. ஆயின் கடனே இல்லை எனக் கூறும் உரிமை அவனுக்கில்லை. கடல் கடந்து சென்றவனும் கற்பித்தலாலும் பொருளாலும் அதனைத் தீர்க்கலாம். இங்கேயே தங்கியவன் தன் சொல்லில் தொடங்கலாம். ஓர் ஊர்ப் பெயரை வசையாக வழங்காதிருத்தலும், சக மாணவன் வகுப்புக்கு வாராது அறையில் முடங்கும்போது காரணத்தைக் கேட்டறிதலும் எந்த அமைச்சினதும் அனுமதியை வேண்டுவனவல்ல.

தொகுத்து நோக்கின், அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்குமிடையிலான ஒப்பந்தம் காகிதத்தில் இருதரப்பினதாகக் காணப்படினும் அறத்தில் முத்தரப்பினதாகும். மூன்றாம் தரப்பாகிய நோயாளி அதிற் கையொப்பமிடவில்லை. பலவேளை அதனை வாசித்தலும் இயலாது. ஆயினும் கடன்கொடுத்தவர் அவரே. எத்தனை பிரிவுகள் திறக்கப்பட்டன, எத்தனை ஆய்வுகள் வெளிவந்தன என்னும் கணக்கு பயனுடையதுதான். எனினும் முயற்சி வெற்றிபெற்றதா என்பதை நிறுவுவது வேறொன்று. தன் மொழியில், தன் சொல்லில், அச்சமும் நாணமுமின்றி, தன் ஊருக்கு அண்மையிலேயே ஒருவர் ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று கூறவும், அச்சொல் பொருளுடைய சொல்லாகவே கேட்கப்படவும் கூடுமாயின், அன்று அக்கடன் தீரத் தொடங்கிற்று எனலாம்.